வடபக்கத்துப் பதினேழாம் தலை

திரையில் என் முகம் வந்தபோது நான் கடைசி வரிசையில் காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அது என் முகம் என்று உடனே தெரியவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மதாம் வெர்னியே, எங்கள் தேவாலயத்தின் கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் இருபத்தாறு கல்தலைகளையும் படமெடுத்து, பெரிதாக்கி, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். செப்டம்பர் மாதத்துப் பாரம்பரிய தினம். ஊர் முழுக்க பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தது, அதாவது முப்பத்தெட்டுப் பேர். பீப்பாயைக் கட்டிக்கொண்டு குடிக்கிறவன், காலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்ட வித்தைக்காரன், ஓநாய், பன்றி என்று போய்க்கொண்டிருந்தது. பதினேழாவதாக ஒரு பெண். வாயை அகலத் திறந்திருந்தாள்.

"இவங்களைப் பாருங்க. வாயை அடக்கத் தெரியாத பொண்ணு. நாக்கால செய்யிற பாவத்தைத்தான் சிற்பி இப்படிக் காட்டியிருக்கார். பூசை நேரத்துல வம்பு பேசுறவங்களுக்கு எண்ணூத்தித் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி விட்ட எச்சரிக்கை," என்றார் மதாம் வெர்னியே.

மேயர் தியேரி முன்வரிசையிலிருந்து திரும்பி, "மதாம் ஒதில், உங்களைத்தான் சொல்றாங்க, காதுல விழுந்துச்சா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பதில் கொடுக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். திரையில் இருந்தவளின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. இடது புருவம் வலதைவிட ஒரு படி மேலே. என் நாக்கு தானாகப் போய் என் பல் சந்தைத் தொட்டது. சுவரோரம் நின்ற என் புருஷன் அர்மோனைப் பார்த்தேன். அவன் தன் ஷூக்களை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் கல்தலைகளுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. பத்திரம் எதுவும் கிடையாது, வெறும் வாய்ப்பேச்சுதான். ஆனால் நிலத்தைவிட உறுதியானது. பன்றி தியேரி வீட்டுடையது, ஓநாய் ரொட்டிக்கடைக்காரர் வீட்டுடையது. மதச்சண்டைக் காலத்தில் யாரோ சம்மட்டியால் மூக்கை உடைத்துவிட்டுப் போன தென்பக்கத்துத் தலைகளுக்கும் வீடுகள் உண்டு. பிள்ளை பிறந்தால் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் தலைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வடபக்கம் மட்டும் யாருக்கும் வேண்டாம். வெயில் படாது, தொட்டால் அரிக்கும் காஞ்சொறி இடுப்பளவுக்கு மண்டிக் கிடக்கும், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நான் பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் பிறந்தவள். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஊர்ப் பெண்கள் என்னைக் கேட்ட முதல் கேள்வியே, உன் கல் எது என்பதுதான். புருஷன் வீட்டுக் கல் இருக்கிறதே என்றேன். அது அவர்கள் கல், உன்னுடையது எது என்றார்கள். இன்றுவரை பதில் சொல்லவில்லை. கோயில் சாவி இருபது வருஷமாக என் அடுப்படி ஆணியில்தான் தொங்குகிறது. ஆனாலும் நான் வெளியூர்க்காரிதான்.

மதியம் சாப்பாட்டுக்கு வெள்ளை அவரையும் பன்றித்தொடையும். அர்மோன் தட்டை விட்டுத் தலை தூக்கவில்லை. கொத்தனார் வேலையில் ஐம்பது வருஷம் இருந்தவன். ஒரு நாளில் அவன் பேசும் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"நீதானே?" என்றேன்.

"ஏணி சரிஞ்சிருச்சு," என்றான். நாற்பத்திரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு, நேற்று நடந்தது மாதிரி. "கூரைத் தண்ணிக் குழாயை மாட்டிக்கிட்டிருந்தேன். அங்க ஒரு ஆட்டுத்தலை இருந்துச்சு. கீழ விழுந்து மூணு துண்டாயிருச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா உரிச்சு உப்புக்கண்டம் போட்டிருப்பார். அதே குவாரிக் கல்லா ஒண்ணு எடுத்துட்டு வந்து, குளிர்காலம் பூரா கொட்டகையில உக்காந்து செதுக்கினேன்."

"ஆட்டையே செதுக்கியிருக்கலாமே?"

"ஆடு வரல. உன் மொகந்தான் வந்துச்சு."

ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. "உனக்குக் கல்லே இல்லன்னு அவளுங்க கேலி பண்ணினப்ப நீ அழுத."

"நான் ஒண்ணும் அழல."

"கோழிக்கூண்டுக்குப் பின்னாடி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்திரண்டு வருஷம். நான் அந்தச் சுவரைத் தாண்டி எத்தனை முறை பீடத்துக்குப் பூ கொண்டு போயிருப்பேன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், தோளைத் தொட்டு மேலே பார் என்று சொன்னால் இவன் வாய் தேய்ந்து போயிருக்குமா? என்னைச் சரியாகப் பார்க்கக்கூடத் தெரியாத மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன் என்றுதான் பாதி வாழ்க்கை நினைத்துக்கொண்டிருந்தேன். இவனானால் புருவம் வரைக்கும் பார்த்து வைத்திருக்கிறான்.

"ஏன்யா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். வருஷம் ஓடிருச்சு."

"நான் எப்ப இப்படி வாயைப் பொளந்து சிரிச்சேன்?"

தட்டைத் தள்ளி வைத்தான். "அப்பல்லாம் சிரிச்ச," என்றான்.

என் தட்டில் மிச்சமிருந்த வெள்ளை அவரையைச் சட்டியிலேயே திருப்பிக் கொட்டினேன்.

மூன்று மணிக்கு நாங்கள் கோயிலைப் பூட்டப் போனபோது, கூரைப் பழுதுக்காகக் கட்டியிருந்த சாரத்திலிருந்து மதாம் வெர்னியே இறங்கிக்கொண்டிருந்தார். முழங்காலெல்லாம் சுண்ணாம்புத் தூசி. தியேரி கீழே காஞ்சொறியை மிதித்துக்கொண்டு ஏணியைப் பிடித்திருந்தான். அவர் முகத்தில் காலையில் இருந்த சந்தோஷம் இல்லை.

"பதினேழாவது சரியில்ல," என்றார். "கிட்டப் போய்ப் பார்த்தேன். கன்னத்துல பல்லு வச்ச உளி இழுத்த வரி இருக்கு. மத்த இருபத்தஞ்சு தலையிலயும் அப்படி ஒரு வரி கிடையாது. இது யாரோ பின்னாடி வச்சது."

"அதனால என்னங்க?" என்றான் தியேரி.

"போலின்னு நான் எழுதிட்டா, கூரை வேலை நடக்கிறப்ப எடுத்துடுவாங்க. அந்த இடத்துல மொட்டைக் கல் வைப்பாங்க. அதுதான் முறை."

"எடுத்த தலை?"

"நம்பர் போட்டுக் கிடங்குல வச்சுடுவாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். குறிப்பேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். "சாவி உங்ககிட்டதானே இருக்கு, மதாம். இந்தத் தலையை யாராவது மாத்தினதா கேள்விப்பட்டிருக்கீங்களா? உறுதியாத் தெரியாட்டி நான் பழசுன்னே விட்டுடறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். நான் அங்கேயே இருப்பேன், மழையில், புறாக்களோடு, இன்னும் எத்தனையோ நூறு வருஷம். அவர் புத்தகத்தில் நாவின் பாவமாக இருப்பேன். உண்மையைச் சொன்னால் அது என் முகம் என்று ஊருக்குத் தெரியும், தெரிந்த கையோடு இறக்கிவிடுவார்கள். எனக்கு அது அங்கே இருக்க வேண்டும். அவ்வளவு ஆசை எனக்கு எதன்மேலும் இருந்ததாக நினைவில்லை. பாவமாக இருந்தாலும் பரவாயில்லை என்று வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் அர்மோன் தொப்பியைக் கழற்றிவிட்டான். அவனுக்குப் பொய் வராது. தொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாதிரியாரிடம் முதல் பாவசங்கீர்த்தனம் சொல்ல நிற்கும் பிள்ளை மாதிரி ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினான். எழுபது வயது.

"மதாம்," என்றான். "அந்த ஏணி..."

அதோடு நின்றுவிட்டான். அடுத்த சொல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். ஒரு முழு வாக்கியம் பேச வராத மனுஷன், என்னைப் போய் ஊரிலேயே பெரிய வாயாடியாக எண்ணூறு வருஷத்துச் சுவரில் ஏற்றி வைத்திருக்கிறான். அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. சிரித்துவிட்டேன். சாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வர, வாய் விட்டுச் சிரித்தேன்.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?" என்றான் தியேரி.

மதாம் வெர்னியே ஓரடி கிட்டே வந்தார். என் வாயைப் பார்த்தார். என் புருவத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து கூரை விளிம்பைப் பார்த்தார், திரும்ப என்னை, அதன்பின் அர்மோனின் கைகளை. பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது. எனக்கோ சிரிப்பு நிற்கவில்லை.