தடுப்புக்கு அந்தப் பக்கம்

கடை வாசலில் இருந்த டோக்கன் இயந்திரம் அவன் நீட்டிய நோட்டை இரண்டாவது தடவையும் துப்பியது. பின்னால் நின்ற அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியவனே, வா போயிரலாம். அப்பா தேடுவாரு."

அப்பா யாரையும் தேடும் நிலையில் இல்லை. எதிரே ஆஸ்பத்திரியில், குழாய்களுக்கு நடுவே கிடந்தார். ராத்திரி வரை தாங்குவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கை வார்டு வாசலில் காவல் இருந்தாள். அம்மாவோ நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. சர்க்கரை வியாதிக்காரி, காலையில் கண் இருட்டிச் சுவரோரம் சரிந்துவிட்டாள். அவளுக்கும் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் தேடி அலைய அவனிடம் தெம்பு இல்லை. இப்போது அவனுக்கு வேண்டியதெல்லாம் அவள் வயிற்றுக்குள் ஏதாவது போக வேண்டும், அவ்வளவுதான்.

"பத்து நிமிஷம்மா. சூப்பும் நூடுல்ஸும்தான். தொண்டையில வழுக்கிட்டுப் போயிரும்."

ராமென் என்ற அந்த நூடுல்ஸ் சூப் மட்டுமே போடும் ஜப்பானியக் கடை அது. டைல்ஸ் ஒட்டும் வேலை முடிந்து எப்போதாவது தனியாக வந்து சாப்பிடுவான். தனியாக வந்தபோது உறுத்தாதது இன்று உறுத்தியது: ஒவ்வொரு இருக்கைக்கும் இரண்டு பக்கமும் மரத் தடுப்பு, ஓட்டுப் போடும் இடத்தைப் போல. கவனம் கிண்ணத்தில் மட்டும் இருக்க வேண்டுமாம். நல்ல கொள்கைதான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறவனுக்கு ஆகாது. மூன்றாவது தடவை இயந்திரம் நோட்டை வாங்கிக்கொண்டது; அம்மாவை அடுத்த இருக்கையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தான்.

"உனக்கு வந்துருச்சாம்மா?"

"ம்."

"ஆறுறதுக்குள்ள சாப்பிடு. இங்க உறிஞ்சித்தான் சாப்பிடணும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சத்தம் போட்டுச் சாப்பிட்ட பிள்ளைகளைத் தொடையில் கிள்ளி வளர்த்தவள் அவள்.

முதல் வாய் எடுப்பதற்குள் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. வார்டு நர்ஸ்.

"சார், கொஞ்சம் வந்துருங்க. இப்பதான்... தவறிட்டாரு."

ராத்திரி வரை என்றார்களே! மத்தியானம்கூடத் தாண்டவில்லை. எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் அவ்வளவுதான், இனி அவள் வாயில் ஒரு பருக்கை இறங்காது. அவன் எழுந்திருக்கப் போன நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து உறிஞ்சும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது.

அம்மா சாப்பிடுகிறாள்.

போனவர் போய்விட்டார், இருப்பவள் நாலு வாய் சாப்பிடட்டும் என்று உட்கார்ந்துவிட்டான். சந்தேகம் வரக்கூடாதே என்று தானும் உறிஞ்சினான். அழுகை முட்டியபோதெல்லாம் இன்னும் பலமாக உறிஞ்சினான்; மூக்கை இழுக்கும் சத்தமும் அதில் மறைந்துபோயிற்று. ருசி தெரியவில்லை என்று சொன்னால் பொய். ருசியாகத்தான் இருந்தது. அதற்காகவே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கிண்ணத்தின் அடி தெரிந்ததும் எழுந்தான்.

அம்மாவின் கிண்ணம் வந்தது வந்தபடி நிறைந்திருந்தது. நூடுல்ஸ் ஊதிப்போய்ச் சாறு முழுவதையும் குடித்திருந்தது. குச்சிகளைக் காகித உறையிலிருந்துகூட அவள் எடுக்கவில்லை. அவளுக்கு அடுத்த தடுப்பில் ஒரு தடித்த மனிதர் ஊரைக் கூட்டும்படி உறிஞ்சிக்கொண்டிருந்தார். அம்மாவின் மடியில் அவள் போன் கிடந்தது.

"என்னம்மா, சாப்பிடலையா?"

"சின்னவ போன் பண்ணா." நிறுத்தினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா போயிட்டாருடா."

"எப்ப?"

"கொஞ்சம் முன்னாடி. நீ உறிஞ்சுறது கேட்டுச்சு. நீயும்தானே நேத்துலேருந்து பட்டினி. முடிக்கட்டும்னு இருந்தேன்."

தனக்கும் தெரியும் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"ஒரு வாயாவது சாப்பிடும்மா."

வேண்டாமென்று தலையை ஆட்டினாள். மேசையைப் பிடித்து எழப் பார்த்தாள். கால் நிற்கவில்லை, மறுபடியும் உட்கார்ந்தாள். அவன் குனிந்து தோளைக் கொடுத்தபோது, டிஷ்யூ ஒன்றை உருவி அவன் முகவாயைத் துடைத்தாள்.

"எல்லாம் சாறு," என்றாள்.