நாற்காலியும் சேர்த்துத் தருவீங்களா?

டோக்கியோவில் வெளிநாட்டு விநியோகஸ்தர்களுக்கு எங்கள் படத்தைப் போட்டுக் காட்டினோம். நான் மொழிபெயர்ப்பாளர். இயக்குநர் குராமோச்சிக்கு அது முதல் படம். படத்தில் மகள் வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறாள். டோஃபு கடைக்கார அப்பா இரண்டு மணி நேரம் வாயே திறக்காமல் கோபப்படுகிறார்.

கடைசிக் காட்சியில் அப்பா மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். அதே நொடியில் நிலநடுக்கம் வந்தது. சின்னதுதான், நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்தவர்களோ எழுந்து நின்று கைதட்டினார்கள்.

படம் முடிந்ததும் கனடாக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "அவர் அடிச்சப்போ நாற்காலியே ஆடிச்சே! படத்தோட நாற்காலியும் சேர்த்துத் தருவீங்களா?"

நான் மொழிபெயர்த்ததும் தயாரிப்பாளர் ஹிசாயே என் காதில் கிசுகிசுத்தார். "தருவோம்னு சொல்லும்மா. எத்தனை வேணும்னு கேளு."

"பொய் சொல்லி என் படத்தை விக்க வேணாம் மேடம்" என்ற குராமோச்சி, ஆங்கிலத்தில் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை உரக்கக் கத்தினார்: "எர்த்க்வேக்!"

அடுத்தது வருகிறதென்று நினைத்து அத்தனை பேரும் தெருவுக்கு ஓடினார்கள்.

"இப்போ திருப்தியாய்யா?" என்று ஹிசாயே தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து பின்லாந்து அம்மாள் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். "மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. இதுல பத்தே நிமிஷத்துல தூங்கிட்டேன். எங்க நாட்டுக்கு இந்தப் படம் அவசியம் வேணும்."

"என்ன சொல்றாங்க?" என்று குராமோச்சி பதறினார்.

"படம் மனசுக்கு அவ்வளவு அமைதியா இருக்காம் சார். வாங்கிக்கிறாங்களாம்" என்றேன்.

குராமோச்சி அழுதேவிட்டார்.