மலை அவித்த கிழங்கு

கமுரித் தீவில் உருளைக்கிழங்கு வேகவைக்க யாரும் அடுப்புப் பற்றவைத்ததில்லை. வீடுகளுக்குப் பின்னால், மலைச்சரிவில், குடும்பத்துக்கு ஒன்றாகக் கல் அடுக்கிய குழிகள் இருந்தன. அடியிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். அம்மா கிழங்கை வலைப்பையில் போட்டு உள்ளே இறக்கி, வாயை ஈரச் சாக்கால் மூடிவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவாள். திரும்பி வரும்போது தோல் வெடித்திருக்கும். சூடாக இருக்கும்போதே மசித்து, வினிகர் தெளித்து, விசிறியால் விசிறி, ஆறியதும் நறுக்கிய அஷிதாபாக் கீரை, வெங்காயம், அவித்த முட்டை, மயோனைஸ் எல்லாம் போட்டுப் பிசைவாள். கப்பல் வந்த வாரமென்றால் அப்பா வாங்கி வரும் ஆப்பிளும் சேரும். அதுதான் எங்கள் வீட்டு சாலட்.

நான் ஆறாம் வகுப்பிலும் தம்பி ரியோஹேய் ஒன்றாம் வகுப்பிலும் படிக்கும்போது மலை வெடித்தது. அன்று மாலைக்குள் தீவு முழுவதையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். நான் வகுப்பறைக்குள் போடும் பள்ளிச் செருப்போடு டோக்கியோ வந்து இறங்கினேன்.

அரசாங்கக் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறை கிடைத்தது. அங்கே அம்மா ஒரே ஒருமுறை கேஸ் அடுப்பில் கிழங்கு வேகவைத்து அந்த சாலடைச் செய்தாள். அப்பா ஒரு வாய் வைத்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மீதியை மெதுவாக, ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டு முடித்தார். அதற்குப் பிறகு அம்மா அதைச் செய்யவே இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிற சாலடை வாங்கி வருவாள். அப்பா இறந்த பிறகும் அதுதான்.

நான் மாநகரப் பேருந்து ஓட்டுகிறேன். ரியோஹேய் பல் செட் செய்கிறவன். பல்லின் நிறம் ஒரு மயிரிழை மாறினாலும் உடைத்துவிட்டு மறுபடி செய்வான். ஒரு புத்தாண்டு விடுமுறையில் என் வீட்டுக்கு ஒரு பை உருளைக்கிழங்கோடு வந்தான்.

"அக்கா, அந்த சாலடைப் பண்ணிப் பாப்போமா?"

"எப்படிடா? மலையைக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

அவன் விடவில்லை. மூங்கில் தட்டில் அவித்தான். மண்சட்டியில் மணல் போட்டு அதன்மேல் வைத்து அவித்தான். வெந்நீர் ஊற்றுப் பக்கமெல்லாம் போய், அங்கே முட்டை அவிக்கிற ஆவியில் கிழங்கை வைத்துக் கொண்டுவந்தான். அதுதான் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. ஆனால் வாயில் போட்டதும் இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டோம். அது வேறொரு மலையின் வாசனை.

ஒவ்வொரு முறையும் அம்மா மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள்.

"அது ருசியே இல்லடா, பசி. அந்த வயசுல கல்லைக் குடுத்தாலும் தின்னிருப்பீங்க."

"அப்போ நீ ஏம்மா ஒவ்வொரு தடவையும் ருசி பாக்கறே?"

"கேட்டியா தமாகி, இவன் பேச்சை. வயசானவளுக்கு ஒரு வாய் குடுக்கக்கூட கணக்குப் பாக்கறான்."

போன ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் அறிவிப்பு வந்தது. தீவில் விஷவாயு குறைந்துவிட்டது, பழைய குடியிருப்பாளர்கள் பகலில் மட்டும் போய்ப் பார்த்து வரலாம் என்றார்கள். அம்மா உடனே மறுத்தாள். "சாம்பலைப் பாக்கறதுக்கு யாராவது கப்பல் டிக்கெட் வாங்குவாங்களா?" அதனால் நானும் ரியோஹேயும் மட்டும் கிளம்புவதாக இருந்தது. வெட்டின வெங்காயம், கீரை, முட்டை, வினிகர், மயோனைஸ் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து, கிழங்கைத் தனியாக வலைப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனால், புது விளையாட்டுக் காலணியும் தொப்பியும் போட்டுக்கொண்டு அம்மா எங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறாள்.

"இவ்வளவு லேட்டாவா வருவாங்க?" என்றாள்.

பக்கத்துத் தீவில் படகுக்கு மாறிக் கமுரியில் இறங்கியதும், வாயு அடித்தால் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு முகமூடி கொடுத்தார்கள். எங்களைக் கூட்டிப் போனவர் கிராம அலுவலகத்து நாகமினே. தீவு போனாலும் அந்த அலுவலகம் டோக்கியோவில் ஓர் அறையில் இத்தனை ஆண்டும் நடந்துகொண்டுதான் இருந்தது. எங்களோடு வந்த சிலரில் முடிதிருத்தும் குனியோஷியை எனக்கு நன்றாகத் தெரியும். சிறுவயதில் எனக்கு நெற்றிமுடி வெட்டிவிட்டவர். இப்போது அவர் தலையில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை.

தெரு இல்லை. வீடுகள் இல்லை. சாம்பல் இறுகிக் கல்லாகியிருந்தது. அதன்மேல் அங்கங்கே புல். எங்கள் குழி இருந்த சரிவை ரியோஹேய் பாறையின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடித்தான். முழங்கால் போட்டு, கையை வைத்துப் பார்த்தான். கல் குளிர்ந்து கிடந்தது. பக்கத்துக் குழி, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. கையை எடுக்காமலே சொன்னான்:

"அணைஞ்சு போச்சு, அக்கா."

அவன் குரல் ஒன்றாம் வகுப்புப் பையனின் குரலாக இருந்தது. அம்மா கேலி எதுவும் செய்யவில்லை. "வா, வீட்டைப் பாத்துட்டுப் போயிடுவோம்" என்றாள்.

வீட்டை அடையாளம் காட்டியது மழைநீர்த் தொட்டி. அதன் சிமென்ட் விளிம்பு மட்டும் சாம்பலுக்கு மேலே வளையமாகத் தெரிந்தது. எங்கள் சமையலறைக் கதவைத் திறந்தால் எதிரே இருந்த தொட்டி அது. அப்படியென்றால் சமையலறைக் கூரை இப்போது எங்கள் காலுக்கு எவ்வளவோ கீழே. மூன்று பேரும் அதன்மேல் நின்றோம்.

அப்போதுதான் மழை பிடித்தது. சிறு தூறலாகத் தொடங்கிச் சட்டென்று வலுத்தது. மற்றவர்கள் அலுவலகத்தார் கட்டியிருந்த தார்ப்பாயை நோக்கி ஓடினார்கள். நான் மழைக்கோட்டை அவிழ்த்து அம்மாவின் தலைமேல் போடத் திரும்பினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களைச் சுற்றி நிலம் புகைந்தது.

முதலில் தொட்டியின் ஓரத்தில் நூல்போல ஒன்று எழுந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் ஒன்று. மழை விழ விழ, வறண்ட சாம்பலாகத் தெரிந்த இடமெல்லாம் வெள்ளையாக மூச்சு விட ஆரம்பித்தது. எங்கள் வீடு இருந்த இடத்திலிருந்து பள்ளிக்கூடம் இருந்த இடம் வரை, கோவில் தூணின் முனை வரை, நாங்கள் ஓடி விளையாடிய சரிவு முழுவதும். சத்தமே இல்லை. மழைச் சத்தம் மட்டும். என் காலணிக்குள் சூடு ஏறியது. இத்தனை நேரமும் உயிருள்ள ஒன்றின் முதுகில் நின்றுகொண்டிருந்திருக்கிறோம். பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. குனிந்து வணங்கத்தான் தோன்றியது, ஆனால் அசையக்கூட முடியவில்லை.

"அணையலடா," அம்மா மெதுவாகச் சொன்னாள். "இடம் மாறி வந்திருக்கு. நம்ம வீட்டுக்கே வந்திருக்கு."

ரியோஹேய் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். தொட்டிக்கும் ஒரு பாறைக்கும் நடுவே ஆவி தடிமனாக வந்த இடத்தில் கற்களை ஒரு குச்சியால் நெம்பினான். உள்ளே இருட்டாக ஒரு பிளவு. கெட்டிலைப்போல உஸ்ஸென்றது. கிழங்கை வலைப்பையோடு குடைக் கைப்பிடியில் மாட்டி உள்ளே இறக்கினான். மூடுவதற்குச் சாக்கு இல்லை. என் மழைக்கோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

நாகமினே வந்து பார்த்தார். "இங்க எதையும் தோண்டவோ சமைக்கவோ கூடாதுன்னு போர்டு இருக்கே, படிக்கலையா?"

"படிச்சோம், சார்" என்றான் ரியோஹேய்.

அவர் சிறிது நேரம் ஆவியைப் பார்த்தார். அவரும் கமுரிக்காரர்தான். "எனக்கு மழையில கண்ணாடி மங்கிடுச்சு. ஒண்ணும் தெரியல" என்று சொல்லி, அங்கேயே நின்றுவிட்டார்.

கிழங்கை வெளியே எடுத்தபோது தோல் வெடித்து மாவாகப் பூத்திருந்தது. தோலில் மெல்லிய சாம்பல் நிறம். அம்மா ஐஸ் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு, ஊதி ஊதித் தோலை உரித்து, தெர்மாஸ் குவளையின் அடியால் மசித்தாள். வினிகர் தெளித்தாள். தொப்பியைக் கழற்றி விசிறினாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் கைகளையே பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்தக் கைகள் பிளாஸ்டிக் டப்பாக்களைத்தான் திறந்துகொண்டிருந்தன; ஆனால் எதையும் மறந்திருக்கவில்லை. எவ்வளவு வெங்காயம், எப்போது முட்டை என்று யாரையும் கேட்கவில்லை. கடைசியில் "ஆப்பிள் எங்கே?" என்றாள். ரியோஹேய் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

முதல் வாய் எனக்குக் கிடைத்தது. நாக்கில் முதலில் இனிப்பு. பிறகு, இப்போதுதான் உரசி அணைத்த தீக்குச்சியின் வாசனைபோல ஒன்று மூக்கின் உள்பக்கமாக ஏறியது. முடிவில் கொஞ்சம் உப்பு. நாங்கள் உப்பே போட்டிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். விழுங்கினால் போய்விடுமே என்றிருந்தது. ரியோஹேய் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். அவன் சாப்பிடும்போது கண்ணாடியைக் கழற்றிக்கொண்டான், எதற்கென்று தெரியவில்லை.

"பசியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா இரண்டாவது உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு, "உங்க அப்பா ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம்" என்றாள்.

வாசனை தார்ப்பாய் வரைக்கும் போயிருக்க வேண்டும். குனியோஷி நனைந்துகொண்டே வந்தார். நான் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். இது எங்கள் குடும்பத்து சாலட், சின்ன வயதிலிருந்து சாப்பிட்டது, எத்தனை முறை முயன்றும் வரவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே கொடுத்தேன். அவர் ஒரு வாய் மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். மொட்டைத் தலையில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"தமாகி, இது எங்க அம்மா பண்றதும்மா," என்றார்.

"இல்லண்ணே, இது..."

"எங்க அம்மா பண்ணினதேதான். எனக்குத் தெரியாதா?" குரல் உடைந்து போயிருந்தது. மறுபடி மென்றார். "ஆப்பிள்தான் தப்பு. ஆப்பிளை எதுக்கு இதுல போட்டீங்க?"

எனக்கு உள்ளே சுருக்கென்றது. இத்தனை வருஷம் எங்களுடையது என்று வைத்திருந்ததை வேறொருவர் எடுத்துக்கொண்டதுபோல. அதற்குள் நாகமினேயும் கை நீட்டிவிட்டார். அவர் சாப்பிட்டுவிட்டு மலைப் பக்கம் திரும்பி நின்றார். பின்னால் வந்த இன்னொரு பெண்மணி, சாப்பிட்ட கையை வாயின்மேல் வைத்துக்கொண்டு தன் அக்காவின் பெயரைச் சொன்னாள்.

அம்மா சிரித்தாள். "எல்லாரும் ஒரே அடுப்புலதானே சமைச்சோம்" என்று சொல்லி, குனியோஷியின் தட்டிலிருந்து ஆப்பிள் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

என் சுருக்கென்ற வலி எப்போது போனதென்று தெரியவில்லை. ஆவிக்கு நடுவில் நின்று, ஒரே மூடியிலிருந்து அள்ளித் தின்றுகொண்டிருந்த அந்த முகங்களைப் பார்த்தேன். அழிந்துபோன ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு அம்மா வந்து அங்கே நின்றதுபோல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மீதிக் கிழங்கையும் பிளவுக்குள் இறக்கினோம். படகுக்காரர் கரையிலிருந்து ஒலிப்பானை அழுத்தி அழுத்திக் களைத்துப்போனார். நாங்கள் போய் ஏறியதும் ஒரு பாட்டம் திட்டினார். அவருக்கும் ஒரு பிடி கொடுத்தோம். அவர் வேறு தீவுக்காரர். "பரவாயில்ல, மயோனைஸ் கொஞ்சம் கம்மி" என்றார். படகு முழுவதும் சிரித்தது.

மழை நிற்கவில்லை. படகு விலக விலக, கமுரி தலையிலிருந்து கால்வரை வெள்ளையாகப் புகைந்துகொண்டிருப்பது தெரிந்தது. மசிக்காமல் மிஞ்சிய இரண்டு கிழங்குகளை நான் கோட்டுப் பையில் போட்டிருந்தேன். அவை என் விலாவில் சுட்டுக்கொண்டே இருந்தன. தீவு மேகத்துக்குள் மறைந்து கொஞ்ச நேரம் கழித்து, அம்மா என் பையைத் தட்டினாள்.

"அதுல ஒண்ணு எடு. தோலோடயே குடு."