பதினோராவது ஓட்டை

என் நாத்தனாரும் நானும் ஒரே கம்பெனியில் காவலாளிகள். வங்கிப் பணம் ஏற்றிப் போகும் வண்டியில், இடுப்பில் கைத்துப்பாக்கியோடு போகிற வேலை. வருடத்துக்கு ஒருமுறை சுடும் தேர்வு உண்டு. பத்துத் தோட்டாக்களில் குறைந்தது எட்டு, தாளிலிருக்கும் கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். நான் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாம் முறையும் போனால் வண்டியை மறந்துவிட்டு, அலுவலக வாசலில் பதிவேட்டை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு அந்த வண்டி என்றால் உயிர்.

நாத்தனார் சுட்டால் பத்துக்குப் பத்து. அதைவிடப் பெரிய திறமை, அதை வாரம் முழுக்கச் சொல்லிக் காட்டுவது.

பயிற்சிக்குப் போனால் என் தோட்டாக்கள் எல்லாம் கீழேயே போயின. "துப்பாக்கியே சரியில்லடி" என்றேன். அவள் மேகசினை வாங்கி, தானே தோட்டா நிரப்பிக் கொடுத்தாள். மூன்றாம் முறை விசையை அழுத்தியபோது 'டிக்' என்று மட்டும் கேட்டது. துப்பாக்கியின் மூக்கோ தரையைப் பார்த்துக் குனிந்தது.

"டம்மித் தோட்டா ஒண்ணு நடுவுல வச்சேன் அண்ணி. வெடிக்கவே இல்ல, அதுக்குள்ள நீங்களே பயந்து கீழ அமுக்கிட்டீங்க!"

சுடும் ரேஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மானம் கப்பலேறியது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

அதன்பின் மூன்று வாரம், தினமும் வேலை முடிந்ததும் பயிற்சி. எது டம்மி என்று தெரியாமலே சுட வேண்டும். "மெதுவா, மெதுவா. பஸ்ஸா போகுது?" என்று பின்னால் நின்று உயிரை எடுத்தாள். ஒருநாள் டம்மி வந்தபோது துப்பாக்கி ஆடாமல் அசையாமல் நின்றது. "பரவால்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம்.

தேர்வு நாளில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று சுட்டோம். தேர்வாளர் என் தாளை இரண்டு முறை எண்ணினார். பதினோரு ஓட்டைகள்! வட்டத்துக்குள் எட்டு, வெளியே மூன்று. நாத்தனார் தாளில் ஒன்பதுதான்.

அவள் முகம் வெளிறியது. "அண்ணி எப்படி சுடுறாங்கன்னே பாத்துட்டிருந்தேன் சார். கடைசித் தோட்டா அவங்க தாளுக்குப் போயிடுச்சு."

"உள்ளே விழுந்ததா, வெளியவா?"

உள்ளே என்றால் எனக்கு ஏழு. வேலை காலி. அவள் என் தாளை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"வெளிய சார். அதோ, ஓரத்துல இருக்கே, அது."

தன் தோட்டா வட்டத்தைத் தாண்டியது என்று நாலு பேர் முன்னால் அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேற தாள் மாட்டுங்க சார். நான் மறுபடி சுடுறேன்."

"அண்ணி, பைத்தியமா உங்களுக்கு?"

"வாய மூடு. இந்தப் பக்கம் திரும்பின, கொன்னுடுவேன்."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் அவசரப்படாமல் பத்தையும் சுட்டேன். தேர்வாளர் தாளைக் கழற்றி எண்ணினார்.

"ஒன்பது உள்ளே. பாஸ்."

நாத்தனார் ஓடிவந்து என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே காதோரம் சொன்னாள்:

"முதல் தாள்ல நட்டநடுவுல ஒண்ணு இருந்துச்சே, அதுதான் அண்ணி என்னுது."