சாமி கேட்ட சிக்கன் நூடுல்ஸ்

“சாமி, ப்யூர் வெஜ் அந்தக் கடைசியில.”

கவியரசன் வாயைத் திறப்பதற்குள் ஃபுட் கோர்ட்டில் எல்லோரும் அவனுக்கு வழி காட்டினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மணி, நெற்றியில் சந்தனம், காலில் செருப்பில்லை. சபரிமலைக்கு மாலை போட்டு இரண்டு வாரம் ஆகிறது. தாடி மட்டும் பக்திக்குத் தக்கபடி வளராமல், எலி கடித்த பிரஷ் மாதிரி அங்கங்கே நின்றுகொண்டிருந்தது. இந்தக் கோலத்தில் அவன் கேட்ட கேள்விதான் வினையாகிவிட்டது.

“எனக்கில்ல சாமி. உங்க சிக்கன் நூடுல்ஸ் ஹலாலா?”

கேட்டது சபீனாவுக்காக. ஆம்பூர்க்காரி. இரண்டு வருடமாக ஆபீசில் பக்கத்து சீட். திங்கட்கிழமை முதல் ஹைதராபாத்துக்கு மாற்றல். டீம் லஞ்ச் என்று இந்த மாலுக்கு வரும்போதெல்லாம் மற்றவர்கள் நூடுல்ஸை உறிஞ்ச, அவள் லைம் ஜூஸை வைத்துக்கொண்டு “டயட்” என்பாள். வீட்டு பிரியாணியை டப்பாவின் மூலை வரைக்கும் வழித்துச் சாப்பிடுகிறவளுக்கு இங்கே வந்தால் மட்டும் என்ன டயட் என்று கவியரசனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. போன வாரம் கேன்டீனில், “இந்தக் கரண்டி கறியில பட்டுச்சா?” என்று அவன் பரிமாறுகிறவரைப் பிடுங்கி எடுத்தபோது, அவள்தான் சிரித்தாள்.

“இப்பப் புரியுதா, நான் ஏன் ஜூஸ் குடிக்கிறேன்னு?”

புரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது. “ஊரை விட்டுப் போறதுக்குள்ள நீ அங்க சிக்கன் நூடுல்ஸ் சாப்பிடற” என்று சொல்லிவிட்டான். மாலை போட்டவன் வாக்கு. இன்றுதான் அவளுடைய கடைசி லஞ்ச்.

முதல் கடை நாகாலாந்துச் சமையல். அடுப்பில் நின்ற அம்மாள் ஒளிவுமறைவு வைக்கவில்லை. பன்றிக்கறியும் இதே சட்டியில்தான் வதங்குகிறது, உன் சிநேகிதியை இங்கே கூட்டி வராதே என்று இந்தியில் சொல்லி, அவனுக்கு ஒரு கும்பிடும் போட்டு அனுப்பினாள். அடுத்தது சைனீஸ் கடை. ஹலால் என்ற சொல் காதில் விழுந்ததுமே அங்கிருந்தவன் முகம் வெளுத்தது. “இங்க எல்லாமே வெஜ் சாமி!” அவன் தலைக்கு மேலே படத்தில் ஒரு முழுக்கோழி பளபளத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக மலேசிய நூடுல்ஸ் கடை. சட்டையில் சரவணன் என்று பெயர் குத்தியிருந்த கல்லாக்காரர், “ஹலாலெல்லாம் நாங்க வெக்கிறதில்ல சாமி” என்றார். எதையோ கல்லாவுக்கு அடியில் தள்ளினார்.

மேசைக்குத் திரும்பினால் டீமின் கிண்டல்காரன் கிரண் தயாராக இருந்தான். “ஏன் குரு, சாமி சரணமா, சிக்கன் சரணமா?”

“விடுடா அரசு, ஜூஸே போதும்” என்றாள் சபீனா.

“மாலை போட்டிருக்கேன், டா போடாத.”

“விடுங்க சாமி. ஜூஸே போதுங்க சாமி.”

விடுவதாவது. அடுத்து எந்தக் கடை என்று திரும்பினான். சரவணன் கல்லாவுக்கு அடியிலிருந்து பச்சை போர்டு ஒன்றை எடுத்து, துடைத்து, நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். ஹலால் போர்டு.

கவியரசன் பக்கத்துத் தூணிலிருந்த கண்ணாடியைப் பார்த்தான். முறுக்கிய முகம், கறுப்பு உடை, பிடித்தால் விடமாட்டேன் என்கிற நடை. பாசத்தோடு விசாரிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவன், கடையை மூட வந்தவன் மாதிரி இருந்தான். அவனே கடைக்காரனாக இருந்திருந்தால் போர்டோடு கோழியையும் சேர்த்து ஒளித்திருப்பான்.

“எழுந்திரு” என்றான் சபீனாவிடம். “நீதான் வரணும்.”

இருவரையும் கண்டதும் சரவணனின் கை மறுபடி போர்டுக்குப் போனது.

“எடுக்காதீங்கண்ணா. சாப்பிடப்போறது நான். இவன் என் ஃப்ரெண்டு. மூஞ்சிதான் அப்படி.”

சரவணனுக்கு மூச்சு வந்தது. “தப்பா எடுத்துக்காதீங்க சாமி. போன வாரம் ரெண்டு பேர் வந்து, இதை ஏன் வெச்சிருக்கேன்னு சத்தம் போட்டுட்டு, போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. நீங்களும் அந்த கேஸோன்னு…”

கவியரசன் தனக்குத் தெரிந்த வேலையைப் பார்த்தான். “சட்டி எல்லாத்துக்கும் ஒண்ணா? கரண்டி? சாஸ்ல ஒயின் கலந்திருக்கா? பாட்டிலைக் காட்டுங்க.”

“கடையில பன்னியும் இல்ல, ஒயினும் இல்ல சாமி. எங்க ஓனர்கூட இவ்ளோ கேட்டதில்ல.”

பாட்டில் வந்தது. பொடி எழுத்தைக் கண்ணருகில் வைத்துப் படித்துவிட்டு, அவளிடம் நீட்டினான். அவளும் படித்தாள். தலையாட்டினாள்.

கறி வைத்த மேசையில் சாமி உட்காரக்கூடாது. அதனால் அவன் அடுத்த மேசைக்குப் போய், அவளைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டான். அவள் முள்கரண்டியில் நூடுல்ஸைச் சுற்றினாள். மொத்த டீமும் அவள் வாயையே பார்த்தது.

“உப்பு கம்மி” என்றாள்.

“கொன்னுடுவேன்.”

“சாமி அப்படியெல்லாம் பேசக்கூடாது.”

அப்புறம் அவள் தட்டின் அடி தெரிகிறவரை நிமிரவில்லை. கடைசி இழையையும் உறிஞ்சிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, இடையிலிருந்த நடைபாதையைத் தாண்டி அவனைப் பார்த்தாள்.

“ஆமா, நீ எதுவும் சாப்பிடலையா?”

கடைசியிலிருந்த ப்யூர் வெஜ் கடையில் பூண்டு போடாத பண்டம் ஒன்றுகூட இல்லை; மாலை போட்டவனுக்குப் பூண்டு ஆகாது. கவியரசன் தன் முன்னாலிருந்த லைம் ஜூஸைக் கையில் எடுத்தான்.

“டயட்” என்றான்.