கொக்கு இல்லாத படம்

சரஸ்வதி பூஜையன்று காலையில் ஜினுக் செய்த வேலையை அவள் அப்பா நிர்மால்யா மதியம்தான் கவனித்தார். பள்ளிப் புத்தகங்களோடு இருவரும் சேர்ந்து படித்துவந்த படக்கதைப் புத்தகத்தையும் தேவியின் காலடியில் வைத்துவிட்டாள். வைத்தால் வைத்ததுதான். மறுநாள் பூஜை முடியும்வரை அவர்கள் குடியிருக்கும் ஷ்யாம்பஜாரில் எந்தக் குழந்தையும் ஓர் எழுத்துகூடப் படிக்காது.

சாயங்காலம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நாளைக் காலை இதய ஆபரேஷன். கதையிலோ கடைசி அத்தியாயம் பாக்கி. நொண்டிக் கொக்கு அரக்கனின் கோட்டைக்குள் போயிருக்கிறது. ராஜகுமாரி வெளியே நிற்கிறாள். ஒருவரை விட்டு ஒருவர் படிக்கக் கூடாதென்று அப்பாவும் மகளும் படிக்க ஆரம்பித்த அன்றே பேசி வைத்திருந்தார்கள்.

"கொக்கு வெளிய வந்தாதான் நானும் வெளிய வருவேன், பாபா" என்று அப்பாவிடம் சொன்னாள், மஞ்சள் புடவை காலில் தடுக்க நின்ற ஏழு வயதுக்காரி.

அவர் அவள் தலையை வருடினார். "அது வெறும் கதைம்மா."

"அப்புறம் ஏன் உன் கை நடுங்குது?"

வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

"படிக்கத்தானே கூடாது? படம் பார்க்கலாம்ல?" என்றாள்.

தேவியைக் கும்பிட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். எழுத்துகளை உள்ளங்கையால் மறைத்தபடியே பக்கங்களைத் திருப்பினார். கோட்டை எரிந்தது. அரக்கன் விழுந்தான். கடைசிப் படத்தில் ராஜகுமாரி மட்டும், சுண்டுவிரல் நகமளவுக்குச் சின்னதாக, வானத்தை அண்ணாந்து பார்த்து நின்றாள். கொக்கைக் காணோம்.

பாவி, குழந்தைகள் புத்தகத்திலா இப்படி வரைவான் என்று ஓவியனை மனதுக்குள் திட்டித் தீர்த்தார். முகத்தில் காட்டாமலிருக்கப் படாத பாடு பட்டார்.

ஜினுக் படத்தின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நம்ம மொட்டை மாடியிலேர்ந்து பார்த்தா தெருவுல போறவங்க இப்படித்தான் தெரிவாங்க. இங்க மேலேர்ந்து பார்க்கறது யாரு? கொக்குதான். பறந்துட்டு இருக்கு, பாபா. அது கண்ணுக்கு அதுவே எப்படித் தெரியும்?"

அவர் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவரிடம், வீட்டில் பூஜையை முடித்துவிட்டு வந்த அவர் தம்பி புத்தகத்தைக் கொடுத்தான். "இனி படிக்கலாம்ண்ணா. கொஞ்சம் நேரம் போகும்."

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்துவிட அவருக்குக் கை பரபரத்தது. படிக்கப் பயமாகவும் இருந்தது.

"அவ வரட்டும். சேர்ந்து படிச்சுக்கறோம்" என்று சொல்லி, மூடிய புத்தகத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டார்.