ஆய்வுக்கு இல்லாத மீன்

மீன் சந்தைக்குள் அவர் தலை தெரிந்தாலே எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆய்வுக்கூடத்தில் மீன் குடலைக் கரைத்து வடிகட்டி, நுண்ணோக்கியில் பிளாஸ்டிக் இழைகளைத் தேடுவது அவர் வேலை. தேடினார், கிடைத்தது. செய்தித்தாளில் அவர் படத்தோடு வந்தது. மறுவாரமே சந்தையில் ஈ ஓட்டினார்கள். குப்பையைக் கடலில் கொட்டியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்துச் சொன்ன மனுஷன்தான் பொல்லாதவராகிப் போனார்.

அந்தச் சந்தையில் அவருடைய அக்காவுக்கும் ஒரு கடை இருந்தது. அவருக்கென்று இருந்த ஒரே சொந்தம் அவள்தான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

ஆய்வுக்கு மீன் வாங்க டிரைவரை அனுப்பலாம். இவரோ பிடிவாதமாக வாராவாரம் எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தானே போவார். அக்கா நிறுத்துப் போட்டு விலையை மட்டும் சொல்வாள். அந்தக் குரலைக் கேட்கத்தான் போவதே. பிறகு ஆளில்லாத அறையில் உட்கார்ந்து அவள் தந்த மீனை அறுப்பார். நீல இழை, சிவப்புத் துணுக்கு. நுண்ணோக்கிக்கும் சிக்காத தூள் இன்னும் எவ்வளவோ. அக்கா கடை மீனிலாவது ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வார். இருக்கும்.

ஒரு நாள் மேலதிகாரி, “ஆய்வு முடிஞ்சுது, இனிமே மீன் வேணாம்” என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள். இவர் மட்டும் மூலையில் இருந்த டப்பாவைப் பார்த்தார். இனி எந்தச் சாக்கைச் சொல்லிச் சந்தைக்குப் போவது?

சாக்கில்லாமலே போனார். அக்கா வழக்கம்போல் டப்பாவுக்குக் கை நீட்டினாள்.

“லேபுக்கு இல்லக்கா. எனக்கு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இவ்வளவையும் கண்டுபிடிச்சுட்டு நீ சாப்பிடுவியா?”

“சாப்பிடுவேன். குடலை எடுத்துட்டா பெரும்பாலும் போயிடும். மிச்சம் என்ன பண்ணும்னு எனக்கே தெரியல.”

“இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?”

“சொன்னேன். அத பேப்பர்ல போடல.”

“பேப்பர்காரன விடு. அதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து சொன்னியா?”

உண்மையில் அப்படி ஒன்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அக்கா மீனின் செதிலைச் சுரண்டி, குடலை வழித்துப் போட்டுவிட்டு, மீனைத் தன் கூடையிலேயே வைத்துக்கொண்டாள்.

“உனக்குச் சமைக்கவா தெரியும்? ராத்திரி வீட்டுக்கு வா. உன்னத் திட்ட வேண்டியது நிறைய இருக்கு.”

அவர் வேகமாகத் தலையாட்டினார். அவரைத் திட்டுவதற்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.